ஏரோஸ்பேஸ் துறையில் இத்தனை விதமான ஆராய்ச்சியா? எந்த லேபில் சேருவது?

புது முகில்:

வணக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஏரோஸ்பேஸில் முதுகலை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவம் முடிவதற்குள் வழிகாட்டியை முடிவு செய்ய வேண்டும். துறையின் ஆய்வுப் பட்டியலைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். ராக்கெட் எஞ்சின், இறக்கை வடிவம் இவற்றை எதிர்பார்த்துத்தான் வந்தேன். அவையும் இருக்கின்றன. ஆனால் கூடவே தீச்சுடர் எழுப்பும் ஓசை, ஆந்தைச் சிறகு, ரத்தக் குழாய்க்குள் ஓட்டம், விண்வெளிக் குப்பை, ட்ரோன் கூட்டம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒரு பேராசிரியர் பாலங்களைப் பற்றியே வரிசையாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்!

இதில் எது அசல் ஏரோஸ்பேஸ், எது ஒட்டுப்போட்டது? தெரியாமல் ஏதோ ஒரு லேபில் மாட்டிக்கொண்டு, கடைசியில் விமானம், ராக்கெட் பக்கமே வர முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரிவெட்:

பாலத்திலிருந்தே தொடங்குகிறேன் தம்பி. கட்டமைப்பும் அதிர்வும்தான் என் பேட்டை.

1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம், மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் காற்றில் முறுக்கிக்கொண்டு அறுந்து விழுந்தது. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காற்று வெறுமனே ஒரு பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால், அந்தப் பாலத்துக்கு அது பெரிய காற்றே இல்லை. விசாரிக்க அமைத்த மூவர் குழுவில் ஒருவர் தியோடர் வான் கார்மன், விமானவியல் பேராசிரியர். பாலம் கட்டியவர்கள் எடையையும் நிலையான காற்றழுத்தத்தையும் ஒழுங்காகத்தான் கணக்கிட்டிருந்தார்கள். பாலம் அசைய அசைய அந்த அசைவே காற்றின் விசையை மாற்றும் என்பதுதான் கணக்கில் இல்லை. விமானக்காரர்கள் முதல் உலகப் போர்க் காலத்திலேயே வால்பகுதியில் இந்தப் பேயைப் பார்த்துவிட்டார்கள். ஃப்ளட்டர் என்று பெயர்.

பல பாடப்புத்தகங்கள் இன்னும் அதை ஒத்ததிர்வு என்று எழுதுகின்றன. ஒத்ததிர்வுக்கு, அதே தாளத்தில் வெளியிலிருந்து தள்ளும் விசை ஒன்று வேண்டும். ஃப்ளட்டருக்குக் காற்று ஒரே சீராக வீசினாலே போதும். தனக்குத் தேவையான ஆற்றலை அசைவே காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது, உராய்வு போன்றவற்றால் தணிவதைவிட அதிகமானால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். இறக்கையோ, டர்பைன் பிளேடோ, உயரமான கட்டடமோ, எதுவானாலும் சமன்பாட்டின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் பேராசிரியர் வழி தவறிப் பாலத்துக்குப் போகவில்லை.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி சார். ஆனால் பட்டியல் நீளமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பணம். எந்த அமைச்சகம், எந்தக் கம்பெனி எதற்கு நிதி தருகிறதோ அதற்கேற்ப லேபின் பெயர் மாறும். அதே ஆள், அதே கருவி, தலைப்பு மட்டும் புதிது. இதையும் அந்தப் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

நீலச்சுடர்:

சந்தேகப்பிராணி சொல்வதில் உண்மை இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் அந்த "தீச்சுடரின் ஓசை". அது என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிகலத்துக்குள் சுடர் வெளியிடும் வெப்பம் ஒருபோதும் சீராக இருக்காது. வெப்பம் ஏறி இறங்கினால் அழுத்த அலை, அதாவது ஒலி, பிறக்கும். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து சுடரையே ஆட்டும். சுடர் ஆடினால் வெப்பம் மறுபடி ஏறி இறங்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே வெப்பமும் அதிகமாக வெளியானால் ஒலி வளரும், எதிர்த் தருணத்தில் வெளியானால் தணியும். இயற்பியலாளர் ரேலி 1878-இலேயே சொல்லிவிட்ட விதி இது. பழைய ரிவெட் சொன்ன கதையேதான். அங்கே அசைவு காற்றிடம் ஆற்றல் வாங்குகிறது, இங்கே ஒலி தீயிடம் வாங்குகிறது.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சந்திரனுக்கு ஆளை அனுப்பிய சாட்டர்ன் 5-இன் முதல் கட்டத்தில் இருந்த எஃப்-1 எஞ்சின், ஒவ்வொன்றும் சுமார் 680 டன் உந்துவிசை. அதன் உருவாக்கத்தில் இந்த அலைவு எஞ்சின்களையே சிதைத்தது. சரியான கோட்பாடு கையில் இல்லாததால், எரிபொருளை உள்ளே பீய்ச்சும் உட்செலுத்தித் தட்டின் வடிவத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். தட்டில் தடுப்புச் சுவர்கள் வைத்தார்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே சிறிய வெடிகுண்டை வெடிக்கவைத்து, கிளம்பும் அலைவு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். முழு அளவுச் சோதனைகள் மட்டும் ஏறத்தாழ 2000.

இன்று இந்தத் தொல்லை அதிகம் வருவது மின் நிலையங்களின் எரிவாயு டர்பைன்களில். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க எரிபொருளைக் குறைத்து, காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிக்கிறார்கள். அப்படிப்பட்ட சுடர் சின்னச் சீண்டலுக்கும் ஆடும். ராக்கெட்டுக்காகத் தொடங்கிய லேபுக்கு மின்சாரக் கம்பெனி பணம் தருவது இதனால்தான். சந்தேகம், உங்கள் பணக் கணக்கு இங்கே பொருந்துகிறது. ஆனால் கேள்வி மாறவில்லை.

ஐஐடி சென்னையில் சுஜித்தின் குழு 2010-களில் செய்த வேலையைத் தேடிப் படியுங்கள். சாதாரண இரைச்சல் திடீரென்று முழு அலைவாக மாறிவிடுவதில்லை. நடுவே விட்டுவிட்டு, சிறு சிறு வெடிப்பாகச் சீரான அலைவு தலைகாட்டி மறையும் ஒரு நிலை இருக்கிறது. அழுத்தப் பதிவில் அதை அடையாளம் கண்டால் முன்கூட்டியே எச்சரிக்கலாம். அதே முறையைப் பிறகு காற்றில் வைத்த இறக்கையிலும் பார்த்தார்கள். ஃப்ளட்டர் வருவதற்கு முன்பும் அதே விட்டுவிட்டு வரும் நிலை!

பழைய ரிவெட்:

ஆமாம், அந்த ஃப்ளட்டர் கட்டுரை எங்கள் பக்கத்தில் நிறையப் பேச்சைக் கிளப்பியது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது மாதிரியை வைத்துக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் குழாயில், காற்று எப்போதும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுதான் வரும். அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் அந்த நிலை வருமா என்பது தனி விவாதம்.

கட்டவலை:

புது முகில், மெக்கானிக்கல் பின்னணி என்றால் நேராக சிஎஃப்டிக்கு, அதாவது ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் பக்கத்துக்கு, வந்துவிடுங்கள். சுரங்கம், லேசர், பைப் ஃபிட்டிங் என்று ஆண்டுக்கணக்கில் போராடத் தேவையில்லை. வடிவத்தைக் கணினியில் மாற்றினால் மறுநாள் விடை. எதிர்காலம் அங்கேதான்.

சுரங்கவாசி:

வந்துட்டாருய்யா.

கட்டவலை, மறுநாள் விடை வரும், ஒத்துக்கொள்கிறேன். எதற்கு விடை? கொந்தளிப்பில் உள்ள மிகச் சிறிய சுழல் வரை நேரடியாகக் கணிக்க வேண்டுமென்றால், கணக்கிட வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் (ஓட்டத்தில் பிசுக்குமையோடு ஒப்பிட்டால் வேகமும் அளவும் எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண்) 9/4 அடுக்காக ஏறும். ரெனால்ட்ஸ் எண் இரட்டிப்பானால் புள்ளிகள் சுமார் 5 மடங்கு. பயணிகள் விமான இறக்கைக்கு அந்த எண் கோடிகளில். தோராயமாகப் போட்டாலே ஆயிரம் லட்சம் கோடிப் புள்ளிகளுக்கு மேல் வரும். அதனால்தான் நீங்கள் எல்லாரும் கொந்தளிப்புக்கு மாதிரி வைத்துச் சமாளிக்கிறீர்கள். மாதிரியில் உள்ள மாறிலிகளுக்கு எண் எங்கிருந்து வந்தது? எங்களைப் போன்றவர்களின் அளவீட்டிலிருந்து.

2001-இல் தொடங்கி அமெரிக்க விமானவியல் சங்கம் இழுவிசைக் கணிப்புப் பயிலரங்கு நடத்துகிறது. ஒரே விமான வடிவத்தை எல்லாருக்கும் கொடுத்து அவரவர் மென்பொருளில் கணிக்கச் சொல்வார்கள். இறக்கையை ஒட்டி ஓட்டம் ஒழுங்காகப் போகும்வரை விடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தாக்குகோணம், அதாவது காற்றுக்கு எதிரே இறக்கை சாய்ந்திருக்கும் கோணம், ஏறி ஓட்டம் இறக்கையிலிருந்து பிரியத் தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

கட்டவலை:

சுரங்கம் மட்டும் வேதமா? மாதிரியைத் தாங்கும் கம்பி ஓட்டத்தைக் கெடுக்கும். சுவர் நெருக்கும். அதற்கெல்லாம் திருத்தம் போட்டுத்தானே எண்ணை வெளியிடுகிறீர்கள். முக்கியமாக, சின்ன மாதிரியில் ரெனால்ட்ஸ் எண்ணும் மாக் எண்ணும் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) ஒருசேர நிஜ விமானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதற்காக நைட்ரஜனை மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து ஓட்டும் சுரங்கங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான், நாசா லாங்லியில் ஒன்று, ஜெர்மனியின் கொலோனில் ஒன்று என்று. உங்கள் லேபில் அது இருக்கிறதா?

ஹைப்பர்சானிக், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகம், இன்னும் மோசம். அதிர்ச்சிச் சுரங்கத்தில் சோதனை நேரமே சில மில்லிநொடிதான். அதற்குள் எடுத்த அளவீட்டை வைத்து எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள்.

சுரங்கவாசி:

சில மில்லிநொடியில் எடுத்த படம் பொய் சொல்லாது. காற்றின் அடர்த்தி மாறும் இடங்களை ஒளியின் வளைவால் காட்டும் ஷ்லீரன் முறையை 1864-இல் ஆகஸ்ட் டோப்லர் செய்தார், அதிலேயே அதிர்ச்சி அலை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். இன்னொரு விஷயம். நீங்கள் கணித்தது, நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில். சுரங்கத்தில் நான் கேட்காத கேள்விக்கும் பதில் வந்து நிற்கும். ரைட் சகோதரர்கள் 1901-இல் தாங்களே செய்த பெட்டிச் சுரங்கத்தில் 200-க்கு அருகில் இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அதுவரை எல்லாரும் நம்பிய அட்டவணை எண்கள் தங்கள் கிளைடருக்குப் பொருந்தவில்லை என்பதால்தான் அதில் இறங்கினார்கள்.

மட்டுறுத்துநர்:

சுரங்கம் எதிர் கணினி சண்டைக்கு இங்கே ஏற்கெனவே தனி இழை உண்டு. கேட்டவரின் கேள்விக்கு வருவோம்.

புது முகில்:

இல்லை சார், இந்தச் சண்டையே எனக்கு உபயோகமாக இருக்கிறது. எனக்கு நிரல் எழுத வரும், ஆனால் நாள் முழுக்கத் திரைக்கு முன் உட்கார்ந்தால் சலிப்பு வந்துவிடும். அப்புறம், விண்வெளிப் பக்கம் யாரும் பேசவில்லையே?

நிலாப்பாதை:

வந்துவிட்டேன். நான் செயற்கைக்கோள் கட்டுப்பாடு. காற்றே இல்லாத இடத்து ஆராய்ச்சிக்கும் இவர்கள் பேசுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் போதும்.

கெப்லர் விண்தொலைநோக்கி 2009-இல் போனது. திசையை அசையாமல் பிடிக்க நான்கு சுழல்சக்கரங்கள், குறைந்தது மூன்று வேண்டும். 2012-இல் ஒன்று போயிற்று, 2013 மே மாதம் இன்னொன்று. மிச்சம் இரண்டு. கைகழுவ வேண்டியதுதான் என்ற நிலையில், மூன்றாவது அச்சுக்குச் சூரிய ஒளியின் அழுத்தத்தையே பயன்படுத்தலாம் என்று யோசனை வந்தது. பூமியின் தூரத்தில் அந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு 5 மைக்ரோநியூட்டனுக்கும் குறைவு. கலத்தின் இரு பக்கமும் ஒளி சமமாக விழும்படி திருப்பி வைத்தால் அது உருளாமல் நிற்கும், சறுக்கும்போது சிறு உந்திகள் சரிசெய்யும். இப்படியே 2014 முதல் 2018-இல் எரிபொருள் தீரும்வரை கே2 என்ற பெயரில் ஓடியது. ஒரு முறைக்குச் சுமார் 80 நாள் ஒரு திசை, பிறகு வேறு திசை. பார்க்க முடிந்ததெல்லாம் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டிய வானம் மட்டும்தான். அது அந்தத் தந்திரத்துக்குக் கொடுத்த விலை.

இதில் புதிதாக ஒரு திருகாணிகூடச் சேர்க்கவில்லை. எல்லாம் இயக்கவியலும் மென்பொருளும். கன்ட்ரோல் லேபில் செய்யும் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். கணக்கும் நிரலும் அதிகம், அதனால் உங்களுக்குச் சலிக்கலாம். சின்னச் செயற்கைக்கோள் செய்யும் குழு இருந்தால் கைவேலையும் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகம் செய்த அனுசாட் 40 கிலோ, 2009 ஏப்ரலில் பிஎஸ்எல்வியில் போனது. 10 செ.மீ. கனசதுர கியூப்சாட் வடிவம் 1999-இல் கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் மாணவர்களுக்காக வகுத்ததுதான். இன்று கம்பெனிகளும் அதையே பயன்படுத்துகின்றன.

குப்பை பற்றிக் கேட்டீர்கள். 2009 பிப்ரவரி 10 அன்று செயல்பாட்டில் இருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த காஸ்மாஸ் 2251 செயற்கைக்கோளும் மோதிக்கொண்டன. கண்காணிக்கக்கூடிய துண்டுகளே ஆயிரக்கணக்கில். இரண்டும் நெருங்கி வரும் என்று தெரிந்திருந்தது, மோதும் என்று தெரியவில்லை. ஏனென்றால் மெல்லிய மேல் வளிமண்டலத்தின் இழுவிசை சூரியனின் போக்குக்கேற்ப மாறுகிறது, பாதைக் கணிப்பில் பிழை கூடிக்கொண்டே போகிறது. ஆக அங்கேயும் கடைசியில் காற்றுதான்.

சிறகடி:

ஆந்தைக்கு நான் பதில் சொல்கிறேன். கிண்டல் செய்பவர்கள் முதலில் கணிதவியலாளர் லைட்ஹில் 1952-இல் சொன்னதைப் படிக்கட்டும்: ஜெட்டின் ஓசை ஆற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காக ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் ஓசை ஆற்றல் பாதிக்கும் கீழே. நவீன எஞ்சின்கள் முன்னால் பெரிய விசிறி வைத்து, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதற்கு எரிபொருள் சிக்கனத்தோடு இதுவும் ஒரு லாபம். எஞ்சின் ஓசை குறையக் குறைய, தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பும் சக்கரமும் எழுப்பும் ஓசை கேட்கத் தொடங்குகிறது. அங்கேதான் ஆந்தை வருகிறது. முன்விளிம்பில் சீப்புப் போன்ற பல், பின்விளிம்பில் மெல்லிய இழைகள், மேலே வெல்வெட் மாதிரிப் பரப்பு. காற்றாலை பிளேடுகளின் பின்விளிம்பில் இன்று ரம்பப் பல் ஒட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

ரத்த ஓட்டத்துக்கு ஒரு வரி போதும்: காற்றோட்டத்துக்குப் போடும் அதே நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு, மெதுவான வேகம், நெகிழும் சுவர்.

சந்தேகப்பிராணி:

அழகாக எல்லாவற்றையும் இணைத்துவிட்டீர்கள். ஆனால் நடைமுறையில் ஒரு மாணவருக்கு வரும் சிக்கல் வேறு. ஹைப்பர்சானிக், ஏவுகணை வழிகாட்டுதல் போன்ற தலைப்புகளில் பாதுகாப்புத் துறைப் பணம் அதிகம். சில திட்டங்களில் முடிவை வெளியிட அனுமதி வாங்க வேண்டும், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே மாட்டார்கள். வேலை தேடும்போது "என்ன செய்தாய்?" என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது. லேபில் சேருமுன் இதைக் கேட்டுவிடு. பேராசிரியரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், அங்கே கடைசியாக முடித்த மாணவரின் ஆய்வேடு நூலகத்தில் கிடைக்கிறதா பார்.

எல்லாமே ராணுவப் பணம் என்று சொல்ல வரவில்லை. 2002-இல் சூப்பர்சானிக் எரிதலை, அதாவது ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றில் எரிதலை, பறக்கும்போதே நிகழ்த்திக் காட்டியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஹைஷாட் குழு. சவுண்டிங் ராக்கெட்டில் (சுற்றுப்பாதைக்குப் போகாமல் மேலே போய்த் திரும்பி விழும் சிறிய ஆய்வு ராக்கெட்) ஏற்றி, கீழே விழும் சில நொடிகளில் சோதித்தார்கள். குறைந்த செலவில் செய்த வேலை. அப்படிப்பட்ட இடமும் உண்டு.

பழைய ரிவெட்:

இதை நானும் ஆமோதிக்கிறேன். இன்னொன்று சேர்க்கிறேன். லேபின் பெயரைவிட, அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்று போய்ப் பார். எங்கள் பக்கம் கூட்டுப்பொருள் ஆய்வு எப்படி இருக்கும் தெரியுமா? போயிங் 787-இன் எடையில் பாதி கார்பன் இழைக் கூட்டுப்பொருள்தான். அதன் மீது ஒரு ஸ்பேனர் விழுந்தால் மேலே தடமே தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அந்தப் பிரிவு அழுத்தத்தில் எவ்வளவு வலுவைக் குறைக்கும் என்று பார்க்க வேண்டும். தகடு அடுக்கு, சூளையில் வேகவை, வெட்டு, எடை போடு, மேலேயிருந்து குண்டை விழவிடு, அல்ட்ராசோனிக்கில் வருடு, அமுக்கி உடை. மறுபடி முதலிலிருந்து. கையில் பிசின் வாடை போகாது. பிடித்தவர்களுக்குச் சொர்க்கம், பிடிக்காதவர்கள் ஒரு பருவத்தில் ஓடிவிடுவார்கள். தலைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

விமானம் பக்கம் வர முடியாமல் போகுமோ என்ற பயத்தை விடு. சுடர் லேபில் படித்தவர் டர்பைன் கம்பெனிக்கும் போவார், ராக்கெட்டுக்கும் போவார்.

புது முகில்:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் ஃப்ளட்டர் லேபையும் எரிதல் லேபையும் போய்ப் பார்த்தேன். முன்னதில் ஒரு அண்ணன் இறக்கை மாதிரியைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு, காற்றின் வேகத்தைத் துளித்துளியாக ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னதில் குவார்ட்ஸ் ஜன்னலைத் துடைப்பதே பாதி வேலை என்றார்கள், ஆனால் அதிவேகக் கேமராவில் சுடர் துடிப்பதைக் காட்டியதும் எனக்கு மனசு அங்கே போய்விட்டது. நீலச்சுடர் அண்ணா, சேருமுன் நானே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நீலச்சுடர்:

ரைக் குழாய். 1859-இலிருந்து இருக்கிறது. இரு பக்கமும் திறந்த உலோகக் குழாயை நிமிர்த்தி நிறுத்து. கீழிருந்து கால்பங்கு உயரத்தில் கம்பிவலை. வலையைச் சூடேற்றினால், சூடு போதுமான அளவு ஏறியதும் குழாய் ஊதத் தொடங்கும். குழாயைப் படுக்கவைத்தால் நின்றுவிடும், மேலெழும் காற்றோட்டம் நின்றுபோவதால். வலையை மேல் பாதிக்கு நகர்த்தினாலும் ஊதாது, ஏன் என்று ரேலி விதியை வைத்து யோசி. மைக்கை வைத்து ஒலியைப் பதிவு செய், சூட்டை மெதுவாக ஏற்று, மெதுவாக இறக்கு. ஊதத் தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் ஒன்றா என்று பார். லேபின் உள்ளேயே செய், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

சந்தேகப்பிராணி:

அதெல்லாம் இருக்கட்டும். ஆய்வேட்டை வெளியிடலாமா என்று கேட்டாயா?

புது முகில்:

கேட்டேன் சார். ஒரு திட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் வெளியிடலாமாம். அந்த ஒன்றில் நான் இல்லை என்று பேராசிரியரே சொல்லிவிட்டார். குழாய் வாங்கிவிட்டேன்.